எரிமலைச் சொற்களும் ஒரு மஞ்சள் கடதாசியும்

நவம்பர் 3, ஞாயிறு

இன்றைக்கு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு தடவை நிலம் ஆடியதாம். யார் இருந்து எண்ணினார்கள் என்று கேட்டேன். மெஷின் எண்ணும் என்றாள் மகள் ஆரணி. எனக்கு மெஷின் தேவையில்லை. ஊறுகாய்ப் போத்தல் அலமாரி விளிம்பை நோக்கி எத்தனை விரல் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

மொழி வகுப்பு ஆசிரியை இந்தக் கொப்பியைத் தந்து, நாளுக்கு ஒரு புதுச்சொல்லும் அதைப் பற்றி இரண்டு வரியும் எழுதச் சொன்னா. வரி தமிழில் இருந்தாலும் பரவாயில்லையாம். இரண்டு வரியோடு நிறுத்த எனக்கு எப்போது தெரிந்தது?

இன்றைய சொல் ஸ்கியௌல்ப்டி. நில அதிர்வு. ஐஸ்லாந்துக்கு வந்து ஒன்பது வருடத்தில் இவ்வளவு அதிர்வு கண்டதில்லை. ஸ்வார்த்விக் சின்ன ஊர். ஒரு துறைமுகம், ஒரு மீன் தொழிற்சாலை, இரண்டாயிரம் சனம். அந்த இரண்டாயிரம் பேரும் கோப்பி குடித்துக்கொண்டு, "ஆ, இது கொஞ்சம் பெரிசு" என்கிறார்கள். எனக்குத்தான் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. குசினியை மூன்று தரம் கழுவினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை ஹில்தூர். இருவரும் கொட் மீனில் முள் எடுக்கிறவர்கள். அவள் பேசுகிற ஐஸ்லாந்து மொழியை எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில்தான் எழுதுவேன், என் காதில் அப்படித்தான் விழுகிறது. இந்த நாட்டில் 'நீங்கள்' கிடையாது. நாட்டின் தலைவரும் 'நீ', தெருக்கூட்டுகிறவரும் 'நீ'.

"நிலம் எட்டு சென்ரிமீற்றர் எழும்பியிட்டுதாம்," என்றாள். அதற்குப் பெயர் லாந்த்ரீஸ். "கீழ க்விகா நிறையுது."

"க்விகா எண்டால்?"

"உருகின கல்லு. உள்ள இருக்கும்வரைக்கும் க்விகா. வெளியில வந்தால் ஹ்ரொய்ன்."

நகத்தை ஒட்ட வெட்டினால் சுள்ளென்று வலிக்குமே, அந்தச் சதைக்கும் க்விகா என்றுதான் பெயராம். கத்தியை வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக் காட்டினாள். மேற்பார்வையாளர் முறைத்தார். அவள் அவரையும் 'நீ' என்று ஏதோ சொன்னாள்.

அவளுடைய கணவர் ஸ்டெய்னி மின்வேலை செய்கிறவர். ஊர் மீட்புப்படையில் சம்பளம் இல்லாத தொண்டர். போன மாதம் எங்கள் வீட்டு ஹீற்றரைத் திருத்திவிட்டுக் காசு வாங்க மறுத்தார். அதற்குப் பதிலாக என்னுடைய ஆட்டிறைச்சி றோல்ஸில் ஏழு சாப்பிட்டார்.

நவம்பர் 7, வியாழன்

ஸ்டெய்னி வீடுவீடாக ஒரு மஞ்சள் கடதாசி கொடுத்துக்கொண்டு வந்தார். ஊரை விட்டு வெளியேறச் சொன்னால் அதை முன் யன்னலில், கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்ட வேண்டும். வெளியே ஒட்டினால் காற்று கொண்டுபோய்விடும்.

"முதல்ல ஒரு கார் வரும்," என்றார். "கடதாசி ஒட்டின வீடுகளைப் பட்டியல்ல அடையாளம் போடுவாங்கள். பிறகு நாங்கள் நடந்து வருவம். ஒட்டியிருந்தால் உள்ள வரமாட்டம். இல்லாட்டி கதவை உடைச்செண்டாலும் வருவம். ஆரும் நித்திரையாக் கிடக்கலாம், விழுந்து கிடக்கலாம்."

பெரிய எழுத்தில் 'ரீம்ட்' என்று இருக்கிறது. காலி செய்தாயிற்று என்று பொருள். அதற்குக் கீழே ஒரு வரி. ஆரணி வாசித்தாள்: நாங்கள் போய்விட்டோம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் கடைக்குப் பாண் வாங்கப் போகிறவரும் 'போயிட்டு வாறன்' என்றுதான் சொல்லிவிட்டுப் படி இறங்குவார். போய்விட்டார் என்றால் அது வேறு காரியம். வீட்டு வாசலில் அதை எழுதி ஒட்டுகிறதா?

கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், பழைய பத்திரிகைகளுக்கு அடியில் வைத்தேன். என் கணவர் நகுலேஸ் அதை எடுத்து மேலே வைத்தார். ஒரு மணி நேரத்தில் அது எப்படியோ மறுபடி அடியில் போய்விட்டது.

நவம்பர் 9, சனி

தலைநகரில், யாரோ ஒரு நல்ல மனிதர் திறந்துவிட்ட வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

பின்னேரம் மூன்றரை மணிக்கு மூவருடைய தொலைபேசியும் ஒன்றாக அலறின. ரீமிங். வெளியேற்றம். இருபது நிமிடம் தந்தார்கள். அலுமாரி லாச்சிகளை இழுத்துப் போட்டு நகை, பாஸ்போர்ட், குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதி எல்லாவற்றையும் கைப்பைக்குள் திணித்தேன். நகுலேஸ் கடதாசியை யன்னலில் ஒட்டினார். நான்கு மூலைக்கும் ஒட்டுகிற ரேப். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. நாங்கள் சாமான்களைக் காரில் ஏற்றும்போதே மீட்புப்படையின் கார் தெருவால் மெல்லப் போனது. உள்ளே இருந்த பெண் எங்கள் யன்னலைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்தது. திரும்ப உள்ளே போனேன்.

"அம்மா, கெதியா வாங்கோ!" என்று ஆரணி கத்தினாள்.

அடுப்பு அணைந்துதான் இருந்தது. சுவாமி மாடத்து மின்விளக்கை எரிய விட்டேன், வீடு இருட்டாகக் கிடக்கக்கூடாது. முன் அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். கதவைப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டேன். வந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இந்த வீட்டுக் குசினியும் சுத்தமாகத்தான் இருக்கிறது. இருந்தும் கழுவினேன். பிறகு கைப்பையைக் கொட்டி அடுக்கினேன்: பாஸ்போர்ட் மூன்று, தாலிக்கொடி, ஆரணியின் சங்கிலி, விண்ணப்பப் பிரதி, இந்தக் கொப்பி, பனடோல், வீட்டுத் திறப்பு, நான்காக மடித்த மஞ்சள் கடதாசி, அம்மாவின் படம். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்தேன்.

இன்றைய சொல் ஓரோயி. விஞ்ஞானிகள் சொல்கிறது நிலத்துக்கடியில் நிற்காமல் ஓடுகிற நடுக்கத்தை. வகுப்புப் புத்தகத்தில் அதற்கு மன அமைதியின்மை என்றும் போட்டிருக்கிறது. இரண்டையும் தெரிந்தவர்தான் பெயர் வைத்திருக்கிறார்.

நவம்பர் 11, திங்கள்

ஹில்தூர் தொலைபேசியில் சொன்னாள். ஸ்டெய்னிக்கு அடி. இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு சத்திரசிகிச்சை.

சனிக்கிழமை பொழுதுபடும் நேரம் கால்நடையாகப் பார்த்துக்கொண்டு போனவர், ஒரு வீட்டில் வெளிச்சத்தைக் கண்டு கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார். உள்ளே ஒருவரும் இல்லை. பின்பக்கத்தையும் பார்ப்போம் என்று தோட்டத்தில் கால் வைக்க, புல்லுக்குக் கீழ் நிலம் பிளந்திருந்தது தெரியவில்லை. நாலு மீற்றர் ஆழம். நாற்பது நிமிடம் அதற்குள் கிடந்தார்.

அந்த வீடு எங்கள் வீடு.

நவம்பர் 12, செவ்வாய்

சொல் இல்லை. யன்னல் கண்ணாடி முழுவதும் துடைத்தேன். வெளிப்பக்கமும்.

நவம்பர் 15, வெள்ளி

பொலிஸில் இருந்து நகுலேசுக்கு அழைப்பு. ஒலியைக் கூட்டி வைத்துத்தான் பேசினார், நானும் கேட்டேன். கடதாசி ஒட்டினீர்களா?

"ஓம், நான்தான் ஒட்டினனான். நாலு மூலைக்கும் ரேப்."

ஏதாவது களவு போயிருக்கிறதா?

"அது தெரியாது. நகையெல்லாம் எங்களிட்ட இருக்கு."

இப்போது ஊர்ச்சனம் பேசுவது இப்படி. காரில் வந்த பெண்ணின் பட்டியலில் எங்கள் வீடு, கடதாசி ஒட்டியது என்று இருக்கிறது. ஸ்டெய்னி போனபோது கடதாசி இல்லை என்கிறார். கண்ணாடிக்கு உள்ளே ஒட்டிய கடதாசியைக் காற்று எப்படிக் கொண்டுபோகும்? அலுமாரி லாச்சிகள் எல்லாம் இழுத்துக் கிடந்தன. அப்படியென்றால் உள்ளே போனவர்தான் கிழித்து எறிந்துவிட்டு, இல்லை என்று கதை சொல்கிறார். மீட்புப்படை அவரை நிறுத்தி வைத்திருக்கிறது. இருபத்தொரு வருடம் கடலிலும் பனியிலும் சனத்தைத் தூக்கித் திரிந்த மனிதரை, வெளியேறியவர்களின் இணையக் குழுவில் 'கைநீளம்' என்று எழுதுகிறார்கள்.

நகுலேஸ் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வடிவா ஒட்டினனான்தானே?" என்றார்.

"ஓம்," என்றேன்.

நவம்பர் 18, திங்கள்

பின்னேரம் ஆறு மணிக்கு ஆரணி அறையிலிருந்து ஓடி வந்தாள். "கோஸ் தொடங்கியிட்டுது!"

கோஸ் என்றால் எரிமலை வெடிப்பு. நான் அந்தச் சொல்லை முதலில் படித்தது சுப்பர் மார்க்கெட்டில், சோடாப் போத்தல் தட்டுக்கு மேலே. அதற்கும் இதே பெயர். பெரிய விஷயங்களுக்கென்று தனியாகச் சொல் செய்து இவர்கள் மினக்கெடுவதில்லை. ஹ்ரொய்ன் என்ற பெயரில் சொக்லேட் இருக்கிறது. நேற்றுத்தான் வீட்டுக்காரர் ஆரணிக்கு ஒரு பெட்டி கொடுத்தார்.

யன்னலால் பார்த்தால் தென்மேற்கு வானம் சிவந்து கிடந்தது. தொலைக்காட்சியில் நிலம் இரண்டு கிலோமீற்றர் நீளத்துக்குத் திறந்து, தீ வரிசையாக நின்றது. ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று நகுலேஸ் வரைபடத்தில் விரலால் அளந்தார். ஆரணி அழுதாள். எனக்குப் பயம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது, இனி அதை எல்லோரும் பார்க்கலாம். இப்படி நினைக்கிறவளும் ஒரு மனுசியா?

ஏழு மணிக்கு ஹில்தூர் தொலைபேசி எடுத்தாள். ஊர் எரியப் போகிறதே என்று அழுகிறாள் என்று நினைத்தேன்.

"யசோ, உனக்குத் தெரியுமே? அவரைப் பார்க்க வந்த படைக்காரன் ஒருத்தன் கேட்டவன், 'உண்மையைச் சொல்லு ஸ்டெய்னி, என்னத்துக்கு உள்ள போனனீ' எண்டு. கட்டில்ல கிடக்கிற மனுசனிட்ட! அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார். சாப்பிடுறாரும் இல்லை."

நான் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"நீயாவது நம்புறியே?"

"நம்புறன்," என்றேன். "நான் நம்புறன் ஹில்தூர்."

நவம்பர் 20, புதன்

இந்தக் கொப்பியில் ஒன்பதாம் திகதி எழுதியது முழு உண்மை இல்லை. முன் அறையில் சும்மா நிற்கவில்லை. நான்கு மூலையையும் நகத்தால் கிளப்பி, கடதாசியைக் கழற்றி, மடித்துக் கைப்பையில் வைத்தேன். கார் ஏற்கெனவே பார்த்துவிட்டதுதானே, இனி யாருக்கு அது என்று நினைத்தேன். கால்நடையாக வருகிறவர்களைப் பற்றி ஸ்டெய்னி சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். அந்த நேரம் மட்டும் ஞாபகம் வரவில்லை. வரவிடவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே ஒரே நாளில் எழும்பி நடந்தபோது எனக்குப் பதினாலு வயது. அண்ணா திலீபன் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. காயக்காரர் தூக்கப் போயிருந்தார். சாவகச்சேரியில் பெரியம்மா வீட்டில் இருப்போம் என்று அம்மா விலாசம் எழுதிச் சாப்பாட்டு மேசையில் விளக்குச் சிமிழிக்குக் கீழ் வைத்தா. அப்பா கதவைச் சாத்தி, கரித்துண்டால் அதில் எழுதினார்: நாங்கள் போய்விட்டோம். விலாசத்தைக் கதவில் எழுதவில்லை. தெருவால் போகிற வருகிறவன் எல்லாம் அறியக்கூடாது என்று ஒரு புத்தி.

அண்ணா வந்திருக்கிறார். எதிர்வீட்டு மணியம் மாமா கடைசியாக வெளிக்கிட்டவர், அவர் கண்டவர். கதவை வாசித்தாராம். கொஞ்ச நேரம் நின்றாராம். உள்ளே போகாமல் திரும்பிவிட்டாராம். திறப்பு பூச்சாடிக்குக் கீழ் இருந்தது, அது அவருக்குத் தெரியும். போய்விட்டோம் என்று எழுதிக் கிடக்கிற வீட்டுக்குள் யார் போய்த் தேடுவார்? அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் யாரும் இல்லை.

அந்த எழுத்து இல்லாவிட்டால் உள்ளே போயிருப்பார். இருபத்தொன்பது வருடமாக இதைத்தான் நினைக்கிறேன். சனிக்கிழமை அந்த எழுத்தை எடுத்துவிட்டேன். ஒரு மனிதர் உள்ளே போனார்.

நவம்பர் 21, வியாழன்

நகுலேசிடம் சொன்னேன். கடதாசியையும் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடியுரிமை தை மாசம் வரும் எண்டு சொன்னவங்கள். இந்த நேரத்தில பொலிசுக்கு முன்னால போய் நிக்கப் போறீரே?"

"அப்ப என்ன செய்யிறது?"

"அந்த மனுசனின்ர எலும்பு எப்படியும் பொருந்தும். நீர் சொன்னால் என்ன, சொல்லாட்டி என்ன? ஆரணியை நினையும்."

பாத்திரங்களை அவரே கழுவினார், ஏற்கெனவே கழுவியவற்றையும்.

நவம்பர் 22, வெள்ளி

வெளியே கோஸ்மோதா. எரிமலைப் புகைமூட்டம். யன்னல் திறக்க வேண்டாம் என்கிறார்கள். வீட்டுக்குள் நாற்பது தரம் நடந்தேன். எண்ணியது நான்தான், மெஷின் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

வெளியேறிய சனத்துக்கான கூட்டம், ஒரு விளையாட்டரங்கில். ஹ்ரொய்ன் ஊரைக் காக்கக் கட்டிய மண் அணையின் மேல் ஏறுகிறது, இன்னும் தாண்டவில்லை என்று விஞ்ஞானி ஒருவர் படம் காட்டினார். ஹில்தூர் முன் வரிசையில் தனியாக இருந்தாள். இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமை. எப்போதும் ஐந்து பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு சிரிக்கிறவள்.

கேள்வி நேரம் ஒரு கிழவர் எழும்பினார். "எங்கட வீடுகளுக்குள்ள போறவங்களை ஆர் பார்க்கிறது?" என்றார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். ஹில்தூரின் முதுகு அசையவில்லை.

நான் கையைத் தூக்கினேன். நகுலேஸ் என் மற்றக் கையைப் பிடித்தார். இழுப்பார் என்று நினைத்தேன். பிடித்தபடியே அவரும் எழும்பி நின்றார்.

ஒன்பது வருடத்தில் இவ்வளவு பேர் முன்னால் அந்த மொழியைப் பேசியதில்லை. இலக்கணம் எங்கே போனதோ தெரியாது. "என் பெயர் யசோதினி. அது என் வீடு. கடதாசியை என் கணவர் ஒட்டினார். கார் பார்த்தது. பிறகு நான் கழற்றினேன். விளக்கை எரியவிட்டதும் நான். லாச்சியை இழுத்ததும் நான். ஸ்டெய்னி சொன்னது உண்மை." மஞ்சள் கடதாசியை விரித்துத் தூக்கிக் காட்டினேன். மூலைகளில் ரேப் இன்னும் இருந்தது.

கேள்வி கேட்ட கிழவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹில்தூர் எழும்பினாள். எங்கள் வரிசைக்குக் கிட்ட வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். "பதினைஞ்சு நாள்," என்றாள். "ஒவ்வொரு நாளும் உனக்கு எடுத்தனான்." வெளியே போய்விட்டாள்.

நவம்பர் 25, திங்கள்

பொலிசுக்கு வாக்குமூலம் கொடுத்தேன். கடிதம் வரும் என்றார்கள். வரட்டும்.

டிசம்பர் 2, திங்கள்

கோஸ்லோக். வெடிப்பு முடிந்தது. அணைக்கு இந்தப் பக்கம் ஹ்ரொய்ன் வரவில்லை, ஆனால் ஊர் நடுவே நிலம் பிளந்து கிடக்கிறது. திரும்பி இருக்கலாமா என்று யாருக்கும் தெரியாது.

பத்து மணிக்கு ஹில்தூர் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை. "ஏன் செய்தனீ?" என்றாள்.

அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். கரித்துண்டு, சிமிழி, பூச்சாடி, எல்லாம். இடையில் இரண்டு தரம் சொல் வராமல் நின்றேன். அவள் சொல் எடுத்துத் தரவில்லை, காத்துக்கொண்டு இருந்தாள்.

"ஸ்டெய்னி சாப்பிடத் தொடங்கியிட்டார்," என்றாள் கடைசியில். "படையும் திருப்பி எடுத்திட்டுது. ஊன்றுகோலோட என்ன செய்யப் போறாரோ." வைத்துவிட்டாள்.

டிசம்பர் 7, சனி

சாமான் எடுக்க ஒரு குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம். மீட்புப்படையில் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். சோதனைச் சாவடியில் எங்கள் காரில் ஏறியது ஹில்தூர், அளவில்லாத செம்மஞ்சள் அங்கியில். ஸ்டெய்னியின் அங்கி. அவர் எழும்பும்வரை அவருடைய இடத்தில் இவள். வழி முழுக்க யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீடு தோட்டப் பக்கமாகச் சற்றுச் சரிந்து நிற்கிறது. பின்கதவுக்கு அப்பால் கம்பி கட்டி மறித்திருக்கிறார்கள். அந்தப் பிளவை எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை. நாற்பது நிமிடம்.

கிரைண்டர், அரிசி மூட்டை, ஆரணியின் புத்தகங்கள், படங்கள் எல்லாம் ஏற்றினோம். ஊறுகாய்ப் போத்தல் அலமாரி விளிம்பில் அரைவிரல் மிச்சம் வைத்து நின்றது. நகுலேஸ் அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் இருந்தார். சுவாமி மாடத்து விளக்கை நானே அணைத்தேன்.

வாசலில் ஹில்தூர் ரேப்பை நீட்டினாள். "ஒட்டு. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

மஞ்சள் கடதாசியைக் கைப்பையிலிருந்து எடுத்து, கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். நான்கு மூலைக்கும் புது ரேப். நாங்கள் போய்விட்டோம். அவளிடம் மார்க்கர் கேட்டேன். ஒரு வெள்ளைத்தாளில் நாங்கள் இருக்கிற விலாசமும் தொலைபேசி எண்ணும் அவர்கள் எழுத்தில் எழுதி, மஞ்சளை மறைக்காமல் அதற்குக் கீழே ஒட்டினேன். பிறகு இன்னொரு தாளில் அதே விலாசத்தைத் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

ஹில்தூர் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த எழுத்துகளைப் பார்த்தாள். "இஞ்ச ஆருக்கு இது வாசிக்கத் தெரியும்?"

"அண்ணாவுக்கு," என்றேன்.

அவள் அங்கியின் பையிலிருந்து புதுத்தாள் ஒன்றை எடுத்து, கதவிடுக்கால் நீட்டினாள்.

"அப்ப பெரிசா எழுது," என்றாள். "தெருவில நிண்டே தெரியவேணும்."